அம்புக்குறி நின்றுபோனால்...



நாங்கள் நிபோங் திபால் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியர்கள். எங்களிடம் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள் இன்றும் ஏதாவது சிக்கல் என்றால் எங்கள் பள்ளிக் கதவைத் தட்டுவது வழக்கம். முன்பெல்லாம் பாரம் நிரப்பவும் கடிதம் எழுதவும் வருவார்கள். இப்போது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் சிக்கல்களில் ஒன்றைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம். கணினியில் இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகு, விரலால் தடவும் டச்பேட் வேலை செய்யாமல் போகிறதே, அது ஏன்? அப்போது வீட்டிலே நாம் என்ன செய்யலாம்? எப்போது கடைக்குப் போகவேண்டும்? இவையே இன்றைய உரையின் பொருள்.

முதலில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு மழைநாள் மாலை. பள்ளி முடிந்து வெகுநேரமாகியிருந்தது. எங்கள் பழைய மாணவி ஒருத்தி, இப்போது ஆறாம் படிவத்தில் படிப்பவள், தன் தாயோடும் தம்பியோடும் வந்து நின்றாள். மடிக்கணினியை நெகிழிப் பையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். தாயார் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவர். தம்பிக்கு வயது பத்து. எங்கள் பள்ளியில்தான் படிக்கிறான். அவன் கன்னம் சிவந்திருந்தது. நாங்கள் அதைக் கவனித்தும் அப்போது கேட்கவில்லை.

"டீச்சர், அம்பு நகரவே மாட்டேங்குது. கடையில காட்டினோம். உள்ளே சாமான் போயிடுச்சு, மாத்தணும், 260 வெள்ளி ஆகும்னு சொல்றாங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள இவ கட்டுரைய அனுப்பணுமாம். சீட்டுப் பணத்த எடுத்துக் குடுத்துடலாம்னு பார்க்குறேன்" என்றார் தாயார்.

260 வெள்ளி என்பது சிறிய தொகையா? 2025இல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதை 26 வேலைநாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 வெள்ளி. ஆகவே 260 வெள்ளி என்பது அந்தத் தாயார் நான்கு நாள் குனிந்து நிமிர்ந்து பழம் பொறுக்கிய கூலி. அதைக் கொடுக்கும் முன்னே ஒரு கேள்வியைக் கேட்டாகவேண்டும் அல்லவா? உண்மையிலேயே சாமான் கெட்டுவிட்டதா, அல்லது கெடாத சாமானுக்குச் செய்தி போய்ச் சேரவில்லையா?

"எப்போதிருந்து இப்படி?" என்று கேட்டோம். முதல்நாள் இரவு கைப்பேசி இணையத்தைக் கொண்டு விண்டோஸ் 11க்கு மாற்றியதாகவும், காலையில் திறந்தபோது அம்புக்குறி அசையவில்லை என்றும் மாணவி சொன்னாள். நேயர்களே, இந்தப் பதிலிலேயே பாதி விடை இருக்கிறது. நேற்று மாலைவரை நன்றாக வேலை செய்த உறுப்பு, இயங்குதளம் மாறிய மறுநிமிடம் நின்றால், சந்தேகம் முதலில் எதன்மீது விழவேண்டும்? மாறியது எதுவோ அதன்மீது.

இதை விளங்கிக்கொள்ள, டச்பேட் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

விசைப்பலகைக்குக் கீழே வழுவழுப்பான ஒரு சதுரம் இருக்கிறதே, அதன் அடியில் மிக மெல்லிய மின்கம்பிகள் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வலைபோல் ஓடுகின்றன. அவற்றில் மிகச் சிறிய அளவு மின்னூட்டம் இருக்கும். நம் உடம்பு மின்சாரத்தை ஏற்கக்கூடியது. விரல் அருகே வந்ததும் அந்த இடத்தில் மின்னூட்டத்தின் அளவு மாறும். எந்த நீளக் கம்பியில், எந்த அகலக் கம்பியில் மாறியது என்பதை உள்ளிருக்கும் ஒரு சில்லு விநாடிக்குப் பலமுறை அளந்து, விரல் இருக்கும் இடத்தைக் கணித்துவிடுகிறது. அழுத்தத்தை நம்பி இது வேலை செய்வதில்லை. அதனால்தான் கையுறை போட்டுத் தடவினால் அம்புக்குறி நகராது. ஈரக் கையால் தடவினால் தாறுமாறாக ஓடும். பாத்திரம் கழுவிய கையோடு கணினியைத் தொட்டுவிட்டு, கெட்டுப்போய்விட்டது என்று பயந்தவர்களும் உண்டு. கையைத் துடைத்ததும் சரியாகிவிடும்.

இந்த வகை டச்பேட்டை 1988இல் ஜார்ஜ் கெர்பைட் என்ற அமெரிக்கர் உருவாக்கினார். 1994இல் ஆப்பிள் நிறுவனத்தின் பவர்புக் 500 மடிக்கணினிகளில் அது இடம்பெற்றது. பிறகு எல்லாரும் அதைப் பின்பற்றினார்கள். டச்பேட் தயாரிப்பில் பெயர்பெற்ற சினாப்டிக்ஸ் நிறுவனத்தை 1986இல் தொடங்கியவர்களில் ஒருவர் ஃபெடரிகோ ஃபாஜின். இவர் யார் தெரியுமா? 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 என்ற புகழ்பெற்ற சில்லை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர். அதற்கு அடுத்த ஆண்டே, 1972இல், இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை நம் பினாங்கில் திறந்தது. ஆகவே கணினி நமக்கு அந்நியமான பொருள் அன்று. நம் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப்போய், இப்படிப்பட்ட சாமான்களைச் செய்யும் இடங்களில் வேலை பார்த்திருக்கிறார்கள். நாம் செய்த பொருளைக் கண்டு நாமே ஏன் அஞ்சவேண்டும்?

இனி, செய்தி போகும் வழியைப் பார்ப்போம்.

அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரைக்குத் தமிழ் தெரியாது. வேலையாட்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவிலே கங்காணி நின்றார். துரை சொன்னதை வேலையாளுக்கும், வேலையாள் சொன்னதைத் துரைக்கும் எடுத்துச் சொன்னார். கணினியிலே துரையின் இடத்தில் இருப்பது விண்டோஸ் போன்ற இயங்குதளம். வேலையாள், டச்பேட். நடுவில் கங்காணியாக நிற்பது ‘டிரைவர்’ என்ற சிறிய மென்பொருள். காரோட்டும் டிரைவர் அல்ல. ஒவ்வொரு உறுப்புக்கும் ஒன்றாகக் கணினிக்குள்ளே இருக்கும் மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்குப் புதிய துரை வருகிறார். பழைய கங்காணிக்கு அவர் பேச்சு புரியவில்லை. அல்லது புதிய துரை, தாம் அழைத்துவந்த வேறொரு கங்காணியை வைக்கிறார். அவருக்கு இந்த வேலையாளைத் தெரியாது. காலையில் பெரட்டுக் களத்தில் அந்த வேலையாளின் பெயர் கூப்பிடப்படவில்லை. அவர் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கையும் காலும் நன்றாகத்தான் இருக்கின்றன. கூப்பிட ஆளில்லை, அவ்வளவுதான். இயங்குதளம் மாறிய பிறகு டச்பேட் நின்றுபோவது பெரும்பாலும் இத்தகையதே.

ஏன் இப்போது இத்தனை வீடுகளில் இந்தச் சிக்கல்? 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது நினைவிருக்கும். பள்ளிகள் மூடப்பட்டு வீட்டிலிருந்தே படிக்கும் நிலை வந்தபோது, பல குடும்பங்கள் கடன்பட்டு மடிக்கணினி வாங்கின. சிலர் பழையது வாங்கினார்கள். அவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 10 கொண்டவை. அந்த விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தந்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அந்நாளுக்கு முன்னும் பின்னும் பலர் விண்டோஸ் 11க்கு மாறினார்கள்.

இதிலே ஓர் எச்சரிக்கை உண்டு. விண்டோஸ் 11 எல்லாக் கணினிக்கும் பொருந்தாது. குறைந்தது 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவை வேண்டும். இன்டெல் சில்லு என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். இந்தத் தகுதி இல்லாத பழைய கணினியிலும் சிலர் குறுக்குவழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருகிறார்கள். அத்தகைய கணினிகளுக்கு, தயாரித்த நிறுவனம் புதிய டிரைவர் வெளியிட்டிருக்காது. அங்கே டச்பேட் மட்டுமன்று, ஒலியும் ஒளிப்படக் கருவியும்கூட மக்கர் செய்யக்கூடும்.

சரி, அம்புக்குறி நின்றுவிட்டது. என்ன செய்வது? செலவில்லாத வழியில் தொடங்கி ஒவ்வொரு படியாக ஏறுவோம். நேயர்கள் தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, படிப்பு முன்னே, பழுது பின்னே. ஒரு சாதாரண மவுசைக் கடன் வாங்கிக் கணினியில் செருகுங்கள். அன்று நாங்களும் பள்ளிக் கணினி அறையிலிருந்து ஒரு மவுசை எடுத்துச் செருகினோம். அம்புக்குறி ஓடியது! மாணவி அங்கேயே உட்கார்ந்து கட்டுரையை முடித்து அனுப்பிவிட்டாள். அவசரம் தீர்ந்தால் அறிவு தெளிவாக வேலை செய்யும். பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. மவுஸ் ஓடுகிறதென்றால் கணினியும் அம்புக்குறியும் நலம். கோளாறு டச்பேட்டிலோ அதற்குச் செய்தி போகும் வழியிலோ இருக்கிறது என்பதும் அதனால் விளங்கும்.

மவுஸ் கிடைக்கவில்லையா? விசைப்பலகையே போதும். ‘டேப்’ விசையை அழுத்தினால் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகலாம். அம்புக்குறி விசைகளால் மேலும் கீழும் நகரலாம். ‘என்டர்’ அழுத்தினால் திறக்கும். இடைவெளி விசையால் ஒன்றை இயக்கவும் நிறுத்தவும் முடியும்.

இரண்டாவது, யாராவது தெரியாமல் அணைத்துவிட்டார்களா என்று பாருங்கள். விசைப்பலகையின் மேல்வரிசையில் எஃப் 1 முதல் எஃப் 12 வரை விசைகள் உண்டு. பல கணினிகளில் அவற்றில் ஒன்றின்மேல் சிறிய சதுரமும், அதன் குறுக்கே கோடோ, ஒரு விரலோ வரைந்திருக்கும். அதுதான் டச்பேட்டை அணைக்கும் விசை. அதைத் தனியாகவோ, கீழ்வரிசையில் உள்ள ‘எஃப்.என்.’ விசையோடு சேர்த்தோ ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சில பழைய கணினிகளில் டச்பேட்டின் மூலையில் ஒரு சிறு விளக்கு இருக்கும்; அந்த மூலையை இருமுறை தட்டினால் அணையும், மறுபடி தட்டினால் உயிர்பெறும்.

மூன்றாவது, ‘செட்டிங்ஸ்’ பகுதியைப் பாருங்கள். விண்டோஸ் சின்னம் உள்ள விசையையும் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். அதிலே ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’ என்பதற்குள் ‘டச்பேட்’ என்ற வரி இருக்கும். அங்குள்ள பொத்தான் ‘ஆன்’ என்ற நிலையில் இருக்கிறதா? அதே இடத்தில், மவுஸ் செருகியிருக்கும்போது டச்பேட் வேலை செய்யவேண்டுமா என்று கேட்கும் ஒரு கட்டமும் உண்டு. அதில் அடையாளம் இல்லாவிட்டால், மவுஸ் செருகியிருக்கும்வரை டச்பேட் உறங்கிக்கொண்டிருக்கும். கம்பியில்லா மவுசின் சிறு துண்டைச் செருகியபடியே மறந்துவிட்டு, டச்பேட் போய்விட்டது என்று தேடுவோர் பலர். சோதிக்கும்போது மவுசைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

சிலருக்கு அம்புக்குறி நகரும். ஆனால் பழைய பழக்கங்கள் மாறியிருக்கும். தட்டினால் திறக்காது. இரு விரலால் இழுத்தால் பக்கம் தலைகீழாக ஓடும். இது பழுதே அல்ல. இயங்குதளம் மாறியபோது விருப்பங்களும் மாறிவிட்டன. அதே பக்கத்தில் தட்டும் முறை, ஓடும் திசை, தொடு உணர்வின் அளவு ஆகியவற்றைப் பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். "அணைத்து அணைத்துப் போட்டோம், டீச்சர்" என்று சிலர் சொல்வார்கள். அணைப்பது வேறு, ‘ரீஸ்டார்ட்’ வேறு. பல கணினிகளில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், அடுத்தமுறை விரைவாகத் திறப்பதற்காக விண்டோஸ் தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். கோளாறும் அதனோடு சேர்ந்து தங்கிவிடலாம். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

ஐந்தாவது, மிச்சமிருக்கும் புதுப்பிப்புகளை முடியுங்கள். ‘செட்டிங்ஸ்’ பகுதியில் ‘விண்டோஸ் அப்டேட்’, அதற்குள் ‘அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்’, அதற்குள் ‘ஆப்ஷனல் அப்டேட்ஸ்’ என்ற இடத்தில் டிரைவர்கள் காத்திருக்கக்கூடும். டச்பேட்டுக்குரியது அங்கே இருந்தால் ஏற்றிக்கொண்டு, மீண்டும் ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள்.

அன்று இந்த ஐந்து படிகளையும் ஏறினோம். பலனில்லை. ‘செட்டிங்ஸ்’ பகுதியில் டச்பேட் என்ற வரியே காணவில்லை. பெரட்டில் பெயரே இல்லாத வேலையாளைப் போல! உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எங்களுக்கும் மனம் தளர்ந்தது. கடையில் சொன்னது சரிதானோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தாயார் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஆறாவது படிக்கு வந்தோம். விண்டோஸ் சின்ன விசையையும் ‘எக்ஸ்’ எழுத்தையும் சேர்த்து அழுத்தி, பிறகு ‘எம்’ எழுத்தை அழுத்தினால் ‘டிவைஸ் மேனேஜர்’ என்ற பட்டியல் திறக்கும். கணினியிலுள்ள உறுப்புகள் எல்லாவற்றின் பெயர்ப்பதிவேடு அது. அதில் ‘மைஸ்’ என்று தொடங்கும் பகுதியிலும், ‘ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்’ என்ற பகுதியிலும் டச்பேட்டைத் தேடவேண்டும். பெயரின்மேல் கீழ்நோக்கிய அம்பு இருந்தால், அது நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. ‘எனேபிள்’ கொடுத்தால் எழுந்துவிடும். மஞ்சள் முக்கோணம் இருந்தால், டிரைவரில் கோளாறு.

நாங்கள் பார்த்தபோது இரண்டு இடங்களில் மஞ்சள் முக்கோணம் இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். கணினி தானாகவே தன் நோயைச் சொல்லிவிட்டதே!

மஞ்சள் முக்கோணம் கண்டால் மூன்று வழிகள். அந்தப் பெயரைத் திறந்து ‘டிரைவர்’ பக்கத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ என்பதை அழுத்தினால் பழைய டிரைவர் திரும்பும். அது மங்கலாக இருந்தால், திரும்புவதற்குப் பழையது இல்லை என்று பொருள். அப்போது ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்துவிட்டு ‘ரீஸ்டார்ட்’ செய்யலாம். பல நேரங்களில் விண்டோஸ் தானே தேடிச் சேர்த்துக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால், கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து டிரைவரைப் பெறவேண்டும்.

எங்களுக்கு முதல் இரண்டும் உதவவில்லை. கணினியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த தாளில் மாடல் எண்ணைப் பார்த்தோம். நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, விண்டோஸ் 11க்கு உரிய பட்டியலைத் திறந்தோம். டச்பேட் டிரைவர் ஒன்று, ‘சீரியல் ஐ.ஓ.’ என்ற டிரைவர் மற்றொன்று. இரண்டையும் பென்டிரைவில் எடுத்து ஏற்றினோம். இந்த ‘சீரியல் ஐ.ஓ.’ என்பது பல புதிய கணினிகளில் டச்பேட்டுக்கும் மூளைக்கும் நடுவே உள்ள பாலம். கிரியான் ஆற்றுப் பாலம் அடைபட்டால் நிபோங் திபாலிலிருந்து பாரிட் புந்தாருக்குப் போகமுடியாது. அதற்காகப் பாரிட் புந்தார் பட்டணமே அழிந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

கணினி மீண்டும் திறந்தது. மவுசைக் கழற்றினோம். மாணவி விரலை வைத்தாள். அம்புக்குறி அசைந்தது.

ஆன செலவு ஒரு சென்கூட இல்லை. ஆன நேரம் ஒரு மணிக்கும் குறைவு.

நேயர்களே, கதை இங்கே முடிந்திருந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சிறுவன் சுவரோரம் நின்று அழத் தொடங்கினான். ஏன் என்று கேட்டோம். காலையில் அம்புக்குறி நின்றதும், தம்பிதான் விளையாடிக் கீழே போட்டிருப்பான் என்று வீட்டில் எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். அவன் இல்லை என்று சொன்னதை யாரும் கேட்கவில்லை. அடி விழுந்தது. "நான் தொடவே இல்ல டீச்சர்" என்று இப்போது எங்களிடம் சொன்னான். தாயார் அவனை இழுத்து அணைத்துக்கொண்டார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. காலையிலேயே அவனை நம்பியிருந்தால் அந்த அடி விழுந்திருக்காதே!

இதிலே எங்களுக்கும் ஒரு பாடம் இருந்தது. கன்னத்தைக் கண்டதும் கேட்காமல் விட்டவர்கள் நாங்கள்தாமே?

ஆறு படிகளும் உதவாவிட்டால் இன்னும் ஒரு வழி உண்டு. விண்டோஸ் 11க்கு மாறிப் பத்து நாள் கடக்கவில்லை என்றால், ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘ரெக்கவரி’ என்ற வரிசையில் போய் ‘கோ பேக்’ கொடுத்தால், பெரும்பாலும் பழைய விண்டோஸ் 10க்கே திரும்பலாம். உங்கள் படங்களும் பாடங்களும் இருக்கும். மாறிய பிறகு சேர்த்த மென்பொருள்கள் போய்விடும். ஆயினும் முதலில் எல்லாவற்றையும் பென்டிரைவில் பிரதியெடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததென்பதற்காகக் கணினி நின்றுவிடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அதுவே குறை. வீட்டுக் கணினிகளுக்காக 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றையும் அந்நிறுவனம் அறிவித்தது.

இனி, உண்மையிலேயே சாமான் கெட்டிருப்பதை எப்படி அறிவது? கணினி கீழே விழுந்ததா? தேநீர் கொட்டியதா? புதுப்பிப்பதற்கு முன்னரே விட்டுவிட்டு வேலை செய்ததா? அப்படியானால் கோளாறு உறுப்பிலேயே இருக்கலாம். கடைக்குத்தான் போகவேண்டும்.

ஒன்றை மட்டும் மிகக் கவனமாகக் கேளுங்கள். டச்பேட் ஒரு பக்கம் மேடாக எழும்பியிருக்கிறதா? அழுத்தினால் உள்ளே போக மறுக்கிறதா? கணினியை மூடினால் மேசைமேல் சமமாக உட்காராமல் ஆடுகிறதா? அது பேட்டரி வீங்கியதன் அடையாளம். பல கணினிகளில் பேட்டரி டச்பேட்டின் அடியிலோ பக்கத்திலோதான் இருக்கிறது. வீங்கிய பேட்டரி தீப்பற்றக்கூடியது. உடனே மின்கம்பியைக் கழற்றி, கணினியை அணைத்துவிடுங்கள். அழுத்திச் சமப்படுத்தாதீர்கள், ஊசியாலோ கத்தியாலோ குத்தாதீர்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், மெத்தை துணி இல்லாத இடத்தில் வைத்து, பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். எங்களிடம் இப்படியும் ஒரு கணினி வந்தது. நாங்கள் ஆர்வத்தோடு ‘செட்டிங்ஸ்’ பகுதியைத் திறந்துகொண்டிருந்தபோது, சக ஆசிரியர் ஒருவர்தான் அந்த மேட்டைக் கண்டு நிறுத்தினார். அங்கே 260 வெள்ளி கேட்டிருந்தாலும் அது நியாயமான செலவுதான்.

கடைக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். "மென்பொருளைச் சோதித்தீர்களா? ‘டிவைஸ் மேனேஜர்’ என்ன சொல்கிறது? மாற்றிய பழைய சாமானைத் திருப்பித் தருவீர்களா?" நேர்மையான கடைக்காரர் இவற்றுக்குக் கோபப்படமாட்டார். பணம் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் உரியதுதான். ரசீது இல்லாமல் அதை நாடுவது கடினம்.

இணையத்திலும் விழிப்பு வேண்டும். "உங்கள் டிரைவர்களை ஒரு நொடியில் சரிசெய்கிறோம்" என்று குதிக்கும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், கணினியைத் திறந்துவிடுங்கள் என்று தொலைபேசியில் யாராவது சொன்னால், அது மோசடி. வங்கிப் பணம் போய்விட்டதென்று சந்தேகம் வந்தால், தயங்காமல் 997 என்ற எண்ணை அழையுங்கள். அது நாட்டின் மோசடித் தடுப்பு மையத்தின் எண்.

இயங்குதளத்தை இனிமேல் மாற்றப்போகிறவர்களுக்கும் ஒரு சொல். தேர்வு வாரத்திலும், பாடப்பணி ஒப்படைக்கும் முதல்நாளிலும் மாற்றாதீர்கள். பாடங்களைப் பிரதியெடுங்கள். கணினியின் மாடல் எண்ணைக் குறித்து வையுங்கள். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் விண்டோஸ் 11க்கான டச்பேட் டிரைவர் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து, பென்டிரைவில் எடுத்து வையுங்கள். ஒரு மவுசையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பித்தல் நடக்கும்போது மின்கம்பியைப் பிடுங்காதீர்கள்.

நேயர்களே, நம் வட்டாரத்து மண்ணிலே முதலில் கரும்பு இருந்தது. பிறகு ரப்பர் வந்தது. இப்போது செம்பனை. ரப்பர் மரத்தை அழித்துச் செம்பனை நட்டபோது, பால் வெட்டிய கைகள் கெட்டுப்போய்விடவில்லை. புதிய மரத்துக்கு ஏற்ற புதிய பழக்கம் தேவைப்பட்டது. அதை நம் பெரியவர்கள் கற்றுக்கொண்டார்கள். கணினி விஷயத்திலும் அப்படியே. ஒன்று வேலை செய்யவில்லை என்பதாலேயே அது கெட்டுவிட்டது என்று பொருளல்ல. பணத்தை எடுப்பதற்கு முன்னும், பிள்ளையின்மேல் கை ஓங்குவதற்கு முன்னும், "எப்போதிலிருந்து? எது மாறியது?" என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்.

அந்தத் தாயார் அன்று புறப்படும்போது, மாணவியிடம் ஒன்று சொன்னார்: "நீ செஞ்சத எல்லாம் தம்பிக்கும் சொல்லிக் குடு. அடுத்த தடவ அவனே பார்க்கட்டும்." இப்போது எங்கள் பள்ளியில் யாருடைய மடிக்கணினியில் அம்புக்குறி நின்றாலும், அந்தப் பையன்தான் முதலில் ஓடிவருகிறான். மவுசைக் கழற்றச் சொல்கிறான், மாடல் எண்ணைக் கேட்கிறான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பையனோ பெண்ணோ இருப்பார்கள். இன்று நீங்கள் குறித்துக்கொண்ட தாளை அவர்களிடம் கொடுங்கள்.